பென் டிரைவ் வைத்தியர்

கணினியைப் படித்தவர்கள் ஓர் இனம். கணினியை விற்பவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டிலும் சேராமல், படிக்காமலும் விற்காமலும், ஊரில் எந்த வீட்டுக் கணினி தும்மினாலும் கூப்பிடும் முன்பே வந்து நிற்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. தோற்றத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"கொஞ்சம் நகருங்க, நான் பாக்கறேன்."

கேட்டிருப்பீர்கள். உங்கள் நாற்காலி, உங்கள் கணினி, உங்கள் வீட்டு மின்சாரம். ஆனாலும் அந்தக் குரல் தோளுக்குப் பின்னால் ஒலித்ததும் நீங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள். எழுந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்த பிறகு அந்த நாற்காலி உங்களுக்குத் திரும்பக் கிடைத்ததா? கிடைத்தபோது கணினி பழைய கணினியாக இருந்ததா? வேண்டாம், பழைய புண்ணைக் கிளற வேண்டாம்.

கடல் தாண்டி, ஸ்பானிஷ் பேசும் நாடொன்றில், குவாயாபால் என்ற மலை ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படியாக வாழ்ந்தவர் தோன் அர்ஹெமீரோ. தோன் என்றால் அங்கே ஐயா மாதிரி; பெண்ணானால் தோன்யா. தொழில், ரப்பர் பூட்ஸ் கடை. பட்டம், இன்ஜினியர். பட்டம் வந்த கதை சின்னக் கதைதான். நகராட்சிக் கூட்டத்தில் ஒருநாள் படம் காட்டும் கருவி எரியவில்லை. மேயர் முழித்தார், செயலாளர் முழித்தார், பூட்ஸ் அளவெடுக்க வந்திருந்த அர்ஹெமீரோ சுவரோரம் குனிந்து கழன்று கிடந்த பிளக்கைச் செருகினார். வெளிச்சம் வந்தது. கைதட்டல் வந்தது. அன்றைக்கு யாரோ ஒருவர் வாய் தவறி "இன்ஜினியரே" என்றார். அந்தச் சொல் அவர் காதுக்குள் போய், தொண்டை வழியாக இறங்கி, நெஞ்சில் ஒரு தீபம் மாதிரி உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அது அணையவே இல்லை. அவருடைய மனைவிகூட, "இன்ஜினியரே, குப்பையைக் கொட்டிட்டு வாங்க" என்றுதான் சொல்வாள். அந்த மலையில் கட்டிய புருஷனையும் கடித்த நாயையும் வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் திட்டுவார்கள். அதனால் மரியாதை எங்கே முடிகிறது, திட்டு எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது.

அவர் கழுத்தில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றில் கார்மேல் மாதாவின் துணிப் பதக்கம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவ். இரண்டும் ஒன்றோடொன்று உரசி, இதன் அருள் அதற்கும் அதன் தூசி இதற்கும் ஏறியிருந்தன. காசு வாங்க மாட்டார். கொடுத்தால் கோபம் வரும். ஆனால் வைத்தியம் நடக்கும்போது மேசையில் கறுப்புக் காபியும், சோளரொட்டியும், மே மாத மழைக்குப் புற்றைவிட்டு வெளியே வரும் அந்தப் பின்பக்கம் பெருத்த எறும்புகளை உப்புப் போட்டு மொறுமொறுவென்று வறுத்த ஒரு பொட்டலமும் இருந்தாக வேண்டும். ஊரில் எந்தக் கணினியின் விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டினாலும் எறும்புக் கால் விழும். அவர் வந்துபோன முத்திரை அது.

அவருடைய வைத்தியமுறை மாறாதது. முதலில் பெட்டியின் தலைமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். "சூடு இருக்கு." கணினி என்றால் சூடு இருக்காதா என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அடுத்து, குற்றவாளியைத் தேடுகிற குரலில், "யாரு தொட்டா?" வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுத்து, திரையின் வெற்றிடத்தில் வலது பொத்தானை அமுக்கி ரெஃப்ரெஷ் கொடுப்பார், மறுபடி கொடுப்பார், ஜெபமாலை உருட்டுகிற பக்தியோடு விடாமல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அதனால் எந்த வியாதியும் குணமானதாக வரலாறு இல்லை. பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே ஊதுவார். பிறகு, மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்களை ஒரே கணினியில் ஏற்றுவார். ஒரு வீட்டில் மூன்று வேட்டை நாய்களைக் கட்டிப் போட்டதுபோல அவை திருடனை விட்டுவிட்டு ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கடைசியாக, எல்லாக் கதவும் மூடிய பிறகு, அமைதியாக, ஒரு பாதிரியார் இறுதிப் பூசைக்குத் தேதி குறிப்பதுபோல அந்தச் சொல்லைச் சொல்வார்.

"ஃபார்மேட் போட்டுரலாம்."

அந்த மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்களில் ஒன்றைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. இன்ஜினியர் வாங்குவாரா? அவர் பென் டிரைவில் அதற்கு ஒரு திருட்டுச் சாவி இருந்தது. எங்கிருந்தோ இறக்கியது. அந்தச் சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு நிபந்தனை: கணினியில் ஏற்கெனவே உள்ள காவலை அணைத்துவிட வேண்டும். அதாவது, வீட்டுக்குக் காவலாளி வைக்கப் போகிறோம், அதற்காக இருக்கிற காவலாளியைச் சினிமாவுக்கு அனுப்பிவிட்டு, வாசலைத் திறந்துபோட்டு, முகம் தெரியாத ஒருவனிடம் சாவியைக் கொடுக்கிறோம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. சாவி திரும்பியதும் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் நல்லதுதானே?

அன்னையர் தினத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, ரேடியோ நெப்ளினாவிலிருந்து ஆள் வந்தது.

ரேடியோ நெப்ளினா என்பது கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கம்பம், ஒரு ஒலிவாங்கி, ஒரு கிழட்டுக் கணினி, ஒரு நூபியா. அறிவிப்பாளரும் நிர்வாகியும் பெருக்குகிறவளும் நூபியாவே. எழுத்து எதைக் கண்டாலும் உரக்க வாசித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு. மருந்துச் சீட்டைக்கூட வானொலிக் குரலில்தான் வாசிப்பாள். ஒரு மாதமாக அவள் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். ஸ்பெயினில் பாத்திரம் கழுவுகிறவர்கள், சிலி நாட்டில் சுரங்கம் தோண்டுகிறவர்கள், எங்கோ கடலில் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறவர்கள் என்று ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் நிலையத் தொலைபேசிக்குக் கூப்பிட, அம்மாவுக்கு அவர்கள் சொல்ல நினைத்ததை நேராகக் கணினியில் பதிந்து வைத்தாள். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் ஒலிபரப்ப வேண்டியது. ஊரில் பாதி அம்மாக்கள் அதற்காக அடுப்பையே சீக்கிரம் அணைப்பதாக இருந்தார்கள். அந்தக் குரல்களெல்லாம் கணினியில் ஒரே கோப்புறையில் இருந்தன. உறைக்குப் பெயர், 'அம்மாக்கள்'.

"இன்ஜினியரே, மௌஸ் தானா நடக்குது. நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன், அது பாட்டுக்கு அம்பு திரையில உலாத்துது" என்றாள் நூபியா.

"யாரு தொட்டா?"

"நான் தொடலைன்னுதானே சொல்றேன்! நேத்து ஜெபமாலை ஒலிபரப்புல, சரியா அஞ்சாவது தேவரகசியம் சொல்றப்போ, சிடி தட்டு டர்ருன்னு வெளிய வந்துச்சு. உள்ள போச்சு. மறுபடி வந்துச்சு."

"பசி" என்றாள் தோன்யா ஒத்தீலியா.

தோன்யா ஒத்தீலியா கோயில் வாசலில் எறும்பு வறுத்து விற்கிறவள். நிலையத்தின் நிரந்தர விருந்தாளி. அவள் மகன் யேசித் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். கப்பல் கரை தொட்டால்தான் குரல். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவன் பேசியது அந்த உறைக்குள் இருந்தது. அடுத்த கரை எப்போது என்று கப்பலுக்கே தெரியாது.

"கரையேறாத ஆத்மா ஒண்ணு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. வாயைத் தொறந்து தொறந்து மூடுது, பாவம். நேத்து வெளிய வந்தப்போ ஒரு கை எறும்பு வச்சேன். உள்ள இழுத்துக்கிச்சு."

"வச்சீங்களா!" என்று அலறினார் இன்ஜினியர்.

"வச்சேன். நன்றி சொல்லுச்சு."

சொன்னதாம். நூபியாவே சாட்சி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்று தானாகத் திறந்து, 'நன்றி அம்மா' என்று எழுத்து எழுத்தாக விழுந்ததாம். அதற்கு முந்தின நாள் அவள் யேசித்தின் குரலைக் கொஞ்சம் வெட்டிச் சிறிதாக்கப் பார்த்தபோது, 'கப்பல்காரன் பேசறது நீளம்தான், ஆனா வெட்டாதீங்க' என்று விழுந்ததாம். நூபியா அன்றைக்கே கணினியின் சின்னக் கேமரா மேல் புனித அந்தோணியார் ஸ்டிக்கரை ஒட்டினாள். தட்டில் எறும்பு வைப்பதை ஆத்மா கண்ணாரப் பார்க்கட்டும் என்று தோன்யா ஒத்தீலியாதான் அதைக் கொஞ்சம் நகர்த்தி, பிறகு மரியாதையாகத் திரும்ப ஒட்டியிருந்தாள்.

அது ஆவியும் இல்லை, ஆத்மாவும் இல்லை. நல்ல பிள்ளை வேடம் போட்டு உள்ளே வந்து, பின்கதவைத் திறந்து வைத்து, எங்கேயோ இருக்கும் ஒருவன் உங்கள் கணினியைத் தன் மடியில் வைத்திருப்பதுபோல ஆட்டுவிக்க வழி செய்கிற ட்ரோஜன் என்ற திருட்டு நிரல். இதை நூபியாவுக்கு விளக்கியவர் புக்காரமாங்கா நகரத்திலிருந்த ஒரு ரேடியோ தொழில்நுட்பர். காலையிலேயே தொலைபேசியில் அவர் சொன்னதை அவள் அப்படியே வானொலிக் குரலில் ஒப்பித்தாள்:

"முதலில் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கவும். எந்த பென் டிரைவும் செருக வேண்டாம். குரல்களைப் புது சிடியில் எழுதி வைக்கவும். கணினி எழும்போது கூடவே எழுகிறவர்கள் யார் யார் என்று பார்க்கவும். முன்பின் தெரியாதவன் எவனோ அவனே திருடன்."

இன்ஜினியரின் நெஞ்சுக்குள் இருந்த தீபம் ஒரு முறை படபடத்தது. புக்காரமாங்காவா? என் ஊர்க் கணினிக்கு வெளியூர் மருந்தா?

"அவர் எல்லாம் புத்தகத்துல படிச்சவரு" என்றார், வருத்தத்தோடு. "கொஞ்சம் நகருங்க, நான் பாக்கறேன்."

நூபியா நகர்ந்தாள். நீங்களும்தான் நகர்ந்திருப்பீர்கள்.

ஒயரை மட்டும் அவளே பிடுங்கினாள். சிடி எழுதும் முயற்சி தோற்றது; எறும்பின் எண்ணெயும் உப்பும் பட்ட அந்தக் கருவி சிடியைப் படித்தது, எழுத மாட்டேன் என்று துப்பியது. இன்ஜினியர் சூடு பார்த்தார், ரெஃப்ரெஷ் கொடுத்தார், ஊதினார். வேறு வழியில்லாமல், யாருக்கும் தெரியாத மாதிரி, புக்காரமாங்காக்காரர் சொன்ன இடத்தையே திறந்து பார்த்தார். கணினியோடு கூடவே எழுகிறவர்களின் வரிசை. எல்லாம் தெரிந்த முகங்கள், ஒன்றைத் தவிர. கணினியின் சொந்தப் பிள்ளையின் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு, தற்காலிகக் குப்பைகள் கிடக்கும் மூலையில் படுத்திருந்தது அது. அழித்தார். கணினியை அணைத்து எழுப்பினார். அதுவும் கூடவே எழுந்தது. மறுபடி அழித்தார். மறுபடி எழுந்தது. அதை எழுப்பிவிடுகிற ஆணை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவருக்கு, அது எந்தக் கோப்போடு இந்தக் கணினிக்குள் வந்தது என்று தெரிந்தது.

கோப்பின் பெயரைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அது திருட்டுச் சாவியின் பெயர். அவருடைய சாவி. போன தவக்காலத்தில் இதே கணினிக்கு அவரே ஏற்றியது. அந்தச் சாவியை அவர் எங்கெல்லாம் திருப்பியிருக்கிறார்? பல் வைத்தியர் வீட்டில். நோட்டரி அலுவலகத்தில். மருந்துக் கடையில். பாதிரியாரின் அறையில். சவப்பெட்டிக் கடையைத் தவிர எல்லா இடத்திலும்; அந்தக் கடைக்குள் நுழைய மட்டும் அவருக்குப் பயம்.

"என்ன இன்ஜினியரே, கெடைச்சானா?" என்றாள் நூபியா.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இனத்தைச் சேர்ந்தவர் என்ன செய்வார்?

"ஃபார்மேட் போட்டுரலாம்" என்றார். ஃபார்மேட் போட்டால் திருடனும் போவான், அவன் வந்த வழியின் தடமும் போகும். ஒரே கழுவலில் கணினியும் சுத்தம், இன்ஜினியரும் சுத்தம்.

"ஐயோ, குரல்!"

"அதை மொதல்ல என் பென் டிரைவ்ல ஏத்திடறேன். என்னமோ சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க."

"பென் டிரைவ் செருகக் கூடாதுன்னு அவர் சொன்னாரே."

"அது ஊர் பேர் தெரியாத பென் டிரைவுக்கு. இது மாதா பக்கத்துலயே தொங்குறது."

திரையில் 'அம்மாக்கள்' என்ற மஞ்சள் உறை இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு குட்டி வளைந்த அம்பு இருந்தது. அந்த அம்பு எதற்கு என்று அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. உறையைப் பிடித்தார், பென் டிரைவில் போட்டார். கண் இமைக்கும் முன் ஏறிவிட்டது.

"பாத்தீங்களா வேகத்தை! ஒரு மாசக் குரல், ஒரு நொடி. இதை வாங்கும்போதே நல்லதாப் பாத்து வாங்கினேன்."

"அவ்வளவு பேரும் ஏறிட்டாங்களா?" என்று கேட்டாள் தோன்யா ஒத்தீலியா. "எம்புள்ள நெறையப் பேசுவானே."

"ஏறிட்டாங்க. வசதியா உக்காந்திருக்காங்க."

ஃபார்மேட் நடந்தது. காபி வந்தது, ரொட்டி வந்தது, எறும்பு வந்தது. மதியத்துக்கு மேல் கணினி புத்தாடை கட்டிய பிள்ளைபோலத் துடைத்துவிட்ட முகத்தோடு எழுந்தது. மௌஸ் அசையவில்லை. தட்டு வாயைத் திறக்கவில்லை. இன்ஜினியர் கால்மேல் கால் போட்டு, பென் டிரைவைச் செருகி, 'அம்மாக்கள்' மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

'இது காட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வானொலிக் குரலில் வாசித்தாள் நூபியா.

ரெஃப்ரெஷ் கொடுத்தார். 'இது காட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.' கணினியை அணைத்து எழுப்பினார். அணைத்து எழுப்பினாலும் இல்லாதது இல்லாததுதான். அந்த வளைந்த அம்புக்கு அர்த்தம் இதுதான், இன்ஜினியரே: அது உறை இல்லை, உறைக்கு வழிகாட்டும் பலகை. குவாயாபாலுக்குப் போகும் வழி என்ற பலகையைப் பிடுங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, குவாயாபாலை இடித்துத் தள்ளிவிட்டீர்கள்.

நூபியா அவர் கையிலிருந்து மௌஸைப் பிடுங்கி அவளே தட்டிப் பார்த்தாள். தோன்யா ஒத்தீலியா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், எழுந்து வந்து இன்ஜினியரின் தோளைத் தட்டினாள்.

"பரவால்லைங்க. நீங்க என்ன வேணும்னா பண்ணீங்க? காலைலேர்ந்து இடுப்பொடிய உக்காந்திருக்கீங்க. எறும்பு இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். எறும்பு போடட்டுமா என்று கேட்டது தாங்கவில்லை. பூட்ஸ் கடையில் ஒரு கால் பெரிதாகவும் ஒரு கால் சிறிதாகவும் விற்றுவிட்டுப் பிடிபட்டவர்போலத் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் தோன்யா ஒத்தீலியா. "அந்த ஆத்மாதான் எல்லாரும் பேசினதையும் கேட்டுச்சே. அதுகிட்ட இருக்காதா?"

நூபியா நிமிர்ந்தாள். "இருக்கும்! கப்பல்காரன் பேச்சை வெட்டாதேன்னானே! கேட்டிருக்கான். கேட்டவன் எடுத்து வச்சிருப்பான். திருடன்னா எடுக்காம இருப்பானா?" பிறகு அவள் முகம் விழுந்தது. "ஆனா இவர் அவனை வேரோட பிடுங்கிட்டாரே. இனிமே அவன் எப்படி வருவான்?"

எப்படி வருவான் என்று அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கழுத்துக் கயிறு கனத்தது. சாவியைத் திருப்பினால் வருவான். அவன் வந்தால் சாவி யாருடையது என்ற கேள்வியும் கூடவே வரும். திருப்பாவிட்டால் நெஞ்சில் தீபம் பத்திரம், நாளைக்குக் காலையில் அம்மாக்களுக்கு மட்டும் மௌனம். இன்ஜினியர் என்ற சொல் ஒரு பக்கம், கப்பல்காரனின் நீளமான பேச்சு ஒரு பக்கம். தோன்யா ஒத்தீலியா எறும்புப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விசேஷ முறை இருக்கு" என்றார் தொண்டையைச் செருமி. "ரிவர்ஸ் முறை. எல்லாருக்கும் தெரியாது." உண்மைக்கு மிக அருகில் அவரால் அன்றைக்குப் போக முடிந்தது அவ்வளவுதான்.

அதற்குள் விஷயம் எப்படியோ தெருவுக்குப் போய், தொலைபேசி அலறத் தொடங்கியிருந்தது. எந்த அம்மா கேட்டாலும் ஒரே கேள்வி. நூபியா தாங்க முடியாமல் ஒலிவாங்கியைத் திறந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. "அன்பான நேயர்களே, குரல்களுக்கு ஒரு சின்னத் தடங்கல். கவலை வேண்டாம். நம் இன்ஜினியர் இதோ என் பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விசேஷ முறையில் அவற்றை மீட்டுக்கொண்டிருக்கிறார்."

அவருக்கு மட்டுமே தெரிந்த. ஊர் முழுக்க ஒலித்தது அது. இறைச்சிக் கடையில் ஒலித்தது, மேயர் வீட்டில் ஒலித்தது. விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்தச் சொற்கள் எவ்வளவு இனிமையாக இருந்தன! இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டுமே.

ஒயரைச் செருகினார். காவலை அணைத்தார். சாவியைத் திருப்பினார். பச்சை விளக்கு.

மௌஸ் அசைந்தது. வெள்ளைப் பக்கம் திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நூபியா எழுத்தைப் பார்த்தால் என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியும். வானொலிக் குரலில், திறந்த ஒலிவாங்கியில், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்:

"'வணக்கம் இன்ஜினியரே. காலைல தொரத்தினீங்க, சாயங்காலம் கூப்பிடறீங்க. பரவால்ல. வழக்கம்போல உங்க பென் டிரைவ்லதான் வந்தேன். பல் வைத்தியர் வீட்டுக்கும் நோட்டரி ஆபீசுக்கும் மருந்துக் கடைக்கும் நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போனீங்க. எங்க தொழில்ல உங்களை மாதிரி ஒரு கிளை மேலாளர் வேற எந்த ஊர்லயும் கெடைக்கல.'"

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவளுக்கு உறைத்தது. மெல்லத் தலையைத் திருப்பிச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். இன்ஜினியரும் பார்த்தார். இறைச்சிக் கடையில் கத்தி நின்றிருக்கும். மேயர் வீட்டில் கரண்டி நின்றிருக்கும். தொலைபேசி அடித்தது. பல் வைத்தியர். அதை வைப்பதற்குள் நோட்டரி. அந்த மலை ஊரின் மரியாதைக்குக் குறைவே இல்லை: "நீங்க நல்லா இருப்பீங்களா? உங்க தலைல இடி விழுங்க!"

தோன்யா ஒத்தீலியா மட்டும் திரையின் முன்னால் போய் நின்றாள். "எம்புள்ள பேசினது உங்ககிட்ட இருக்குங்களா?" என்று அந்தோணியார் ஸ்டிக்கரைப் பார்த்துக் கேட்டாள்.

'இருக்கு. எல்லாரோடதும் இருக்கு.'

"குடுங்களேன்."

அம்பு திரையின் ஓரத்துக்கு ஓடியது. பிறகு சிடி தட்டு டர்ரென்று வெளியே வந்தது. 'அந்தப் புனிதரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க. எறும்பு வைக்கிறதைப் பாக்கணும். அது கெடைக்காத ஊர்ல இருக்கேன்.'

தோன்யா ஒத்தீலியா ஸ்டிக்கரை நகர்த்தினாள். ஒரு கை எறும்பு எடுத்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, தட்டில் பரப்பி வைத்தாள். "சாப்பிடுங்க" என்றாள். தட்டு மெல்ல உள்ளே போனது.

திரையில் பச்சைக் கோடு ஒன்று நகரத் தொடங்கியது. குரல்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. வெளிச்சம் மங்குவதற்குள் கடைசிக் குரலும் வந்துவிட்டது. 'கதவை நீங்க மூடறீங்களா, நான் மூடட்டுமா?' என்று விழுந்தது. இன்ஜினியர் எழுந்து போய் ஒயரை அவரே பிடுங்கினார். பென் டிரைவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். மாதா பதக்கம் தனியாகத் தொங்கியது.

"நூபியா" என்றார். "இதுக்கு மேல என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலங்க. அந்த புக்காரமாங்காக்காரரைக் கூப்பிடுங்க."

எனக்குத் தெரியல! அந்த இனத்தின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? நூபியா கேட்டாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததால் ஊரும் கேட்டது.

மறுநாள் காலை, ஒயர் பிடுங்கிய கணினியிலிருந்து, குரல்கள் ஒலிபரப்பாயின. யேசித் நீளமாகத்தான் பேசினான், யாரும் வெட்டவில்லை. தோன்யா ஒத்தீலியா ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் பேச்சுக்கு நடுவே பதில் சொல்லிக்கொண்டே கேட்டாள். கடைசியில், நூபியாவின் பதிவில் இல்லாத ஒரு குரல் வந்தது. பெயரில்லை. ஊரில்லை. "அம்மா, நான் நல்லா இருக்கேன். கம்ப்யூட்டர் வேலைதான் பாக்கறேன். நேத்து எறும்பு சாப்பிட்ட மாதிரியே இருந்துச்சு." அவ்வளவுதான். அது என் பிள்ளை என்று சொல்லி அன்றைக்கு எத்தனை அம்மாக்கள் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தார்கள்! நூபியா ஒருத்தியிடமும் இல்லை என்று சொல்லவில்லை. திருடன் திருடன்தான், பல் வைத்தியரின் வங்கிக் கடவுச்சொல்லை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அதை அன்றைக்கு யார் நினைத்தார்கள்? பல் வைத்தியர் நினைத்தார்.

திங்கட்கிழமை புக்காரமாங்காக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார், வேலை நடந்தது. ஊரிலேயே நோய் தொடாத ஒரே கணினியான சவப்பெட்டிக் கடைக் கணினியில் உட்கார்ந்து ஊரே வரிசையாகக் கடவுச்சொற்களை மாற்றியது. நிலையக் கணினியின் வன்வட்டைக் கழற்றி அதே கணினியில் மாட்டி, குரல்களை மட்டும் வெளியே எடுத்து, நிரல் எதையும் எடுக்காமல், மீதியை முழுக்கத் துடைத்தார் புக்காரமாங்காக்காரர். எந்தெந்த வீட்டில் நோய் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தானே? அர்ஹெமீரோ சவப்பெட்டிகளைப் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்து உள்ளே வந்து, வீடு வீடாகச் சொன்னார், வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார், எல்லா இடத்திலும் மரியாதையாகத் திட்டு வாங்கினார். வார இறுதிக்குள் ஊர்க் கணினிகள் எல்லாம் சுத்தமாயின. யார் சுத்தம் செய்தது? கூடவே வந்தவர்தானே கண்ணில் பட்டார்? வெளியூர்க்காரர் பஸ் ஏறிவிட்டார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு நோட்டரியே அர்ஹெமீரோவை நிறுத்தி, "டாக்டர், என் பிரிண்டர் கொஞ்சம் முனகுது" என்றார்.

டாக்டர்! அந்த ஊரில் இன்ஜினியருக்கு மேலே இருக்கிற ஒரே படி அது. நெஞ்சில் தீபம் குப்பென்று எரிந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே பதக்கம் மட்டும் இருந்தது. பரவாயில்லை. பென் டிரைவ் எங்கும் கிடைக்கும்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிக்கலாம். குவாயாபால் தொலைவில் இருக்கிறது, நீங்கள் பூட்ஸ் விற்கவில்லை, எறும்பு தின்னவில்லை. ஆனால் ஒன்று சொல்லுங்கள். போன வாரம் சித்தப்பா வீட்டில், அவர் கணினி முன்னால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கி முழித்துக்கொண்டிருந்தபோது, அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது யார்? பெட்டியின் தலையில் கை வைத்தது யார்? ரெஃப்ரெஷ் கொடுத்தது யார்? உங்கள் மேசை இழுப்பறையில், மூடி தொலைந்துபோய், எங்கெங்கே செருகியது என்று உங்களுக்கே நினைவில்லாமல் கிடக்கிறதே ஒரு பென் டிரைவ், அதில் இருப்பது என்ன என்று உண்மையிலேயே தெரியுமா?

தெரியாது என்றால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வரவில்லையா? சரி. கொஞ்சம் நகருங்க.